ஹார்ட் டிஸ்க்கை இரும்புக்கடைக்குப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த கம்ப்யூட்டர் கேள்வி பதிலைப் படித்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதி வைக்கிற டிஸ்க்) மாட்டுங்கள், அதில் அசையும் பாகமே இல்லை, ஆகவே பழுதாகும் கவலையும் இல்லை என்று நான்கு வரியில் பதில் முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி மாட்டச் சொன்னது சரி. அந்த இரும்புக்கடையும் "கவலை இல்லை"யும்தான் எனக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டன. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சாத்தூரில் வீட்டிலிருந்தபடியே டிடிபி வேலை செய்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று நல்லதும் கெட்டதும் என் மேஜை வழியாகத்தான் சிவகாசிக்கு அச்சுக்குப் போகும். தனிக் கடையோ ஆபீஸோ கிடையாது. முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் நான் அதில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் ஓட்டுவேன், சாயங்காலம் மகள் படிப்பாள், ராத்திரி வீட்டுக்காரர் பழைய பாட்டு கேட்பார். 2012 ஜனவரியில் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் நான் தண்டம் அழுத கதை ஒன்று உண்டு. 2011 கடைசியில் தாய்லாந்தில் பெரிய வெள்ளம் வந்து, உலகத்துக்கே ஹார்ட் டிஸ்க் செய்து அனுப்பிய தொழிற்சாலைகள் தண்ணீரில் நின்றன. ஊரெல்லாம் விலை எகிறிப்போனது. எங்கோ மழை பெய்து சாத்தூரில் என் பர்ஸ் நனைந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கிய சாமானை இரும்புக்கடையில் போடு என்றால் கோபம் வராதா, சொல்லுங்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். 2020 வாக்கில் அந்தக் கம்ப்யூட்டரோடு மாரடிக்க முடியவில்லை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பேஜ்மேக்கரைத் தட்டினால் திறப்பதற்குள் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டுக்காரர் இரண்டு கொட்டாவி விட்டுவிடுவார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். மூளையாகிய ஐ3 சும்மாதான் உட்கார்ந்திருந்தது. கை கால் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் என்று எனக்குப் புரிந்தது அப்பாவால். அவர் சிவகாசியில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்க்கிற காலம் அது. தமிழுக்கு எழுத்து அதிகம், அதனால் கேஸ் என்கிற அந்த மரத்தட்டுகளும் அதிகம். "அம்மன் துணை" என்று கோர்க்க வேண்டுமென்றால் அ ஒரு மூலையில், ம் இன்னொரு மூலையில், துவும் ணையும் வேறு தட்டில். கை போய்ப் போய் வர வேண்டும். அப்பாவின் கை எவ்வளவு வேகமென்றாலும் தூரம் தூரம்தானே. ஹார்ட் டிஸ்க்குக்குள் நடப்பதும் இதுதான். தட்டு சுற்றுகிறது, ஒரு கை அதன் மேல் குறுக்கே போய் வந்து வேண்டியதைத் தேடி எடுக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் கைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது நொடியை ஆயிரம் பங்கு போட்டால் நான்கு பங்கு. கை நகர்வதற்கு இன்னொரு எட்டு ஒன்பது பங்கு. கூட்டிக் கழித்தால் நொடிக்கு எழுபது எண்பது இடத்தைத்தான் தொட முடியும். விண்டோஸ் எழுந்து உட்காரவோ பல ஆயிரம் சின்னச் சின்னத் துண்டுகளைத் தொட வேண்டும். பெரிய வீடியோ ஒன்றை நேர்கோட்டில் படிக்கும்போது அதே ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சொச்சம் சளைக்காமல் தரும். உதிரி உதிரியாகக் கேட்டால்தான் திணறும்.

எஸ்எஸ்டிக்குக் கையே கிடையாது. எல்லாத் தட்டும் ஒரே சமயத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி. ஒரு துண்டை எடுக்க நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். விளம்பரத்தில் போடுகிற 550 எம்பி, 3500 எம்பி என்ற எண்களை வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். நமக்குக் கிடைக்கிற சுகம் இந்த உதிரி வேகத்தில் இருக்கிறது. என்னுடைய எச்61 போர்டில் டிஸ்க்கை மாட்ட இருப்பது பழைய சாட்டா 2 இணைப்பு. அதில் என்ன மாட்டினாலும் நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. தாண்டாவிட்டால் போகிறது, 2021 ஜூனில் எஸ்எஸ்டி மாட்டிய அன்றைக்கு சுவிட்ச் போட்டு இருபத்தைந்து நொடியில் திரை வந்து நின்றது. வீட்டுக்காரர் எதையோ ஆஃப் பண்ணாமல் விட்டிருக்கிறாய் என்று என்னைத்தான் திட்டினார்.

அன்றைக்குக் கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். முதலில் சூயிங் கம் பட்டை அளவில் ஒரு மெல்லிசான எம்.2 அட்டையைக் காட்டி இதுதான் இப்போது ஓடுது அக்கா என்றார்கள். நல்லவேளையாகப் போர்டின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எச்61-ல் அதைச் செருகத் துளையே இல்லை. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சட்டைப்பை அளவுள்ள இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கடைசியில் 1,400 ரூபாய்க்கு 120 ஜிபி ஒன்றைக் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். எல்லாம் ஒரே சிப்தான் அக்கா என்றார் அந்தத் தம்பி. நானும் தலையாட்டிவிட்டேன். அப்புறம், பழைய ஹார்ட் டிஸ்க்கை விட்டுட்டுப் போங்க, இருநூறு ரூபாய் தர்றேன் என்றார். வேண்டாம் என்று பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த இருநூறு ரூபாயை வாங்காததுதான் என் தொழிலைக் காப்பாற்றியது.

ஆடிக் கடைசி, 2022. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகை எல்லாம் ஆடியில்தான் அச்சாகும், எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ராத்திரி பதினோரு மணி வரை வேலை செய்துவிட்டு ஒழுங்காக ஷட்டவுன் செய்து படுத்தேன். காலையில் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. துவக்குவதற்கு வட்டு இல்லை என்று பொருள். கேபிளைக் கழற்றி மாட்டினேன், வேறு துளையில் செருகினேன், விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற பயாஸில் போய்ப் பார்த்தேன். டிவிடி டிரைவ் பெயர் இருக்கிறது, எஸ்எஸ்டியின் பெயரே இல்லை. ராத்திரி வரை இருந்த ஆள் காலையில் இல்லை. ஒரு சத்தம் இல்லை, மெதுவாகவில்லை, ஒரு எச்சரிக்கை வரவில்லை. ஃபியூஸ் போன பல்பு மாதிரி. வாங்கிப் பதினான்கு மாதம், வாரண்டி ஒரு வருஷம்.

அதற்குள் ஏழு பத்திரிகை, ஒரு கொடை நோட்டீஸ், மகளின் செய்முறைத் தேர்வு நோட்டு. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று. நாங்கள் இருபது வருஷமாகப் பயன்படுத்துகிற ஒரு பழைய தமிழ் எழுத்துரு. இப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தையது, விற்ற ஆட்கள் தொழிலை விட்டே போய்விட்டார்கள். அது இல்லாமல் பழைய ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக நிற்கும். சிடியில் இருந்த பிரதி எப்போதோ பூஞ்சை பிடித்து அழிந்திருந்தது.

அசையும் பாகம் இல்லாத பொருள் எப்படிச் செத்தது? பிறகு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற தம்பி ஒருவர் சொல்லிப் புரிந்துகொண்டேன், அப்பா மொழியிலேயே சொல்கிறேன். ஈய எழுத்து அச்சடிக்க அடிக்கத் தேயும். எஸ்எஸ்டியின் சிப்பில் இருக்கிற அறைகளும் அழித்து எழுத எழுதத் தேயும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அது மட்டும் மொக்கையாகிவிடும் என்று, எல்லாமே சமமாகத் தேயட்டும் என எழுத்துகளை ஓயாமல் இடம் மாற்றி வைக்கிற ஒரு ஃபோர்மேன் அதற்குள் இருக்கிறார். கன்ட்ரோலர் என்று பெயர். எந்த எழுத்து இன்றைக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவருடைய குறிப்பேட்டில் மட்டும்தான் இருக்கும். அவர் மயங்கி விழுந்தால் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் வெளியாள் யாராலும் ஒரு சொல்லைக்கூடக் கோர்க்க முடியாது. என் எஸ்எஸ்டியில் விழுந்தது அந்த ஃபோர்மேன். பெரிய ஊரில் இருக்கிற மீட்பு ஆட்களிடம் விசாரித்தேன். சொன்ன தொகைக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம், அப்போதும் உறுதி இல்லை என்றார்கள்.

பீரோவிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் புடவைகளுக்கு நடுவில் கிடந்தது. மாட்டியதும் கர்ர் என்று இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது, நடுநடுவே ஒரு டக். அந்த டக் சத்தம் கேட்டாலே நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவசப் புரோகிராம் உண்டு, டிஸ்க்கின் நாடி பிடித்துச் சொல்லும். நன்றாக இருந்தால் நீலம், சந்தேகமானால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. என்னுடையது மஞ்சள். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக உபரி இடத்தை ஒதுக்கியிருக்கிறேன், இன்னும் சில இடங்கள் படிக்க வரவில்லை என்று இரண்டு வரியில் கணக்குக் காட்டியது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், முதலில் எழுத்துரு ஃபோல்டரை எடுத்தது. பிறகு வாடிக்கையாளர் ஃபைல்கள், பிறகு போட்டோ, கடைசியாகப் பாட்டு. இரண்டு ராத்திரி ஓடியது. சில இடத்தில் ஐந்து நிமிடம் அப்படியே நின்று யோசிக்கும், பிறகு டக் டக்கென்று தட்டிக்கொண்டு நகரும். எழுத்துரு முழுசாக வந்தது. ஏழு பத்திரிகையில் இரண்டுக்குப் பழைய மாதிரி கிடைத்தது, மிச்சம் ஐந்தையும் கைப்பிரதியைப் பார்த்து மறுபடி அடித்தேன்.

எஸ்எஸ்டி சொல்லாமல் போனது. பத்து வயதான ஹார்ட் டிஸ்க் முனகி, இருமி, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள் என்று அவகாசம் கொடுத்தது. எல்லா ஹார்ட் டிஸ்க்கும் இப்படி நாகரிகமாகச் சாகும் என்று நான் சொல்லவில்லை. கீழே விழுந்தால் அந்த நிமிடமே போய்விடும். ஆனால் போகிற வழி இரண்டுக்கும் வேறு வேறு என்பதை உங்கள் கேள்வி பதில் சொல்லவே இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் எஸ்எஸ்டி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என் தப்பு, பெயர் தெரியாத சரக்கை வாங்கியது. எழுதித் தேய்ந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நல்ல கம்பெனி எஸ்எஸ்டியின் விவரப் பக்கத்தில் டிபிடபிள்யூ என்று ஒரு எண் இருக்கும், மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்பது. நான் இப்போது வைத்திருக்கிற க்ரூஷியல் பிஎக்ஸ்500, 480 ஜிபி. அதற்கு 120 டிபி, அதாவது 1,20,000 ஜிபி. டிடிபியும் பாட்டும் பாடமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால்கூட, அந்த எண்ணைத் தொட 6000 நாள், பதினாறு வருஷம். தேய்மானம் நம்மைப் போன்றவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஃபோர்மேன் விழுவதுதான் பிரச்சினை, அதற்கு எந்த எண்ணும் கிடையாது. பதினான்கு மாதத்தில் செத்த என்னுடையதில் நான் அதிகம் போனால் ஐந்தாறு டிபி எழுதியிருப்பேன்.

இன்னொன்று. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்துவிட்டால் உடனே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மீட்கலாம். 2016-ல் ஒரு முழுக் கொடை மலரை நான் அப்படி மீட்டிருக்கிறேன். ஃபைலின் பெயர்தான் அழிந்திருக்கும், உள்ளே எழுத்து இருக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்று ஒரு ஏற்பாடு. இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் சொன்னதும் ஃபோர்மேன் அந்த எழுத்துகளைப் பிரித்துத் தட்டில் போட்டுவிடுவார். வேகத்துக்கு அது நல்லது, கை தவறுகிறவர்களுக்கு நல்லதில்லை. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும் முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

பீரோவில் பூட்டி வைப்பதற்கும் ஹார்ட் டிஸ்க்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. எஸ்எஸ்டி எழுத்தை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது, கரண்டே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். எழுதும் அளவு முழுக்கத் தீர்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்பது ஜெடெக் என்கிற அமைப்பின் அளவுகோல். புதுசாக இருந்தால் அதைவிட நிறையத் தாங்கும், வெப்பம் கூடினால் குறையும். சித்திரை வைகாசியில் சாத்தூரில் பீரோவைத் திறந்து பாருங்கள், 30 டிகிரி எல்லாம் எங்களுக்கு மார்கழிக் குளிர். ஹார்ட் டிஸ்க்கில் எழுத்து காந்தத்தில் பதிகிறது, சும்மா கிடந்தால் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் அதையும் வருஷம் ஒரு தடவையாவது எடுத்துச் சுற்ற விட வேண்டும்.

2022 ஆகஸ்டில் நான் வாங்கியது இது: பெயர் சொன்ன அந்த 480 ஜிபி எஸ்எஸ்டி 3,400 ரூபாய். கிட்டத்தட்ட அதே காசுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. எச்61 போர்டில் நான்கு சாட்டா துளை உண்டு, ஒன்றைக் கழற்றித்தான் ஒன்றை மாட்ட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ், பேஜ்மேக்கர், போட்டோஷாப், இந்த மாதத்து வேலை எல்லாம் எஸ்எஸ்டியில். முடிந்த வேலை, போட்டோ, பாட்டு, மகளின் வீடியோ பாடம் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில். பாட்டு கேட்க எஸ்எஸ்டி வேகம் எதற்கு? மூன்றாவதாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு மாட்டி, அந்த வார வேலையைப் பிரதி எடுத்து, கழற்றி மறுபடி பீரோவில் வைத்துவிடுவேன். எப்போதும் மாட்டியே வைத்திருந்தால் இடி விழுந்தாலும் வைரஸ் வந்தாலும் எல்லாம் ஒன்றாகப் போகும். ராமையும் 8 ஜிபி ஆக்கினேன். 4 ஜிபியில் இடம் போதாமல் விண்டோஸ் ஓயாமல் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், மெதுவாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது ஒரு விஷயம் பார்க்க வேண்டும். இப்போது வருகிற சிலவற்றில் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். எஸ்எம்ஆர் என்பார்கள். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வைக்க வேண்டுமே, அதே கதைதான். பிரதி எடுத்து மூடி வைக்க அது போதும், தினமும் அழித்து எழுதுகிற வேலைக்கு உதவாது. அப்புறம், 480 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸில் 447 என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவர் கடையில் போய்ச் சண்டை போட்டார். கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இடம் எங்கேயும் போகவில்லை.

நிஜமாக ஏமாந்த கதையும் உண்டு. என் நாத்தனார் ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய் என்று பார்த்து வாங்கினார். அழகான உலோகப் பெட்டி. கம்ப்யூட்டரில் மாட்டினால் 16 டிபி என்றே காட்டுகிறது. கல்யாண வீடியோவை ஏற்றினார், ஏறியது. திறந்தால் ஓடவில்லை. பெட்டியைப் பிரித்தோம். உள்ளே செல்போனில் போடுகிற மெமரி கார்டு ஒன்று, ஒரு சின்னப் போர்டில் பசை போட்டு ஒட்டியிருந்தது. அளவைப் பொய் சொல்லும்படி அந்தப் போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகு ஏற்றுவதெல்லாம் பழையதன் மேலேயே விழுந்து அழிகிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராம் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்த்து இந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். அதற்கு முன், 16 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய்க்கு யார் தருவான் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

லேப்டாப் என்றால் நான் வாதமே செய்ய மாட்டேன், எஸ்எஸ்டிதான். ஹார்ட் டிஸ்க்கில் படிக்கிற முனை, சுற்றுகிற தட்டுக்கு மேலே தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் பறக்கிறது. அதை மடியில் வைத்து, கட்டிலில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோனால் எப்படித் தாங்கும்? என் அண்ணன் மகளின் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து விழுந்தது. திரை உடையவில்லை, டிஸ்க் போய்விட்டது.

இரும்புக்கடைக்கு வருகிறேன். என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பத்து வருஷத்துப் பத்திரிகைகள். ஒவ்வொன்றிலும் மூன்று தலைமுறைப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். சிலர் ஜாதகத்தையும் ஆதார் நகலையும்கூட அனுப்பி வைத்திருக்கிறார்கள். ஃபார்மேட் செய்தால் அழிந்துவிடும் என்று நினைக்கிறோம். விரைவு ஃபார்மேட்டில் பொருளடக்கத்தைத்தான் கிழிக்கிறோம், பக்கங்கள் உள்ளேயே இருக்கும். வேலை செய்கிற ஹார்ட் டிஸ்க் என்றால் முழு இடத்தின் மேலும் ஒரு தடவை எழுதிவிட்டுக் கொடுக்கலாம். எஸ்எஸ்டிக்கு அந்தந்தக் கம்பெனி புரோகிராமிலேயே முழுக்க அழிக்கும் வசதி இருக்கும். ஓடவே ஓடாத டிஸ்க்கை உடைப்பதுதான் வழி.

என்னுடையது 2023-ல் ஒரு நாள் சுற்றுவதை நிறுத்தியது. நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் வாங்கித் திறந்தேன். உள்ளே தட்டு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி, இவ்வளவு பளபளப்பான பொருளை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே வட்டமாக ஒரு கீறல், ரசம் போன கண்ணாடி போல. டக் டக்கென்று இத்தனை நாள் அது தடுமாறிய இடம் அதுவாகத்தான் இருக்கும். கையின் அடியில் இருந்த இரண்டு காந்தமும் ஒன்றை ஒன்று இழுத்து என் விரல் நுனியைக் கடித்துவிட்டன. தட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சுத்தியலால் வளைத்துவிட்டுத்தான் குப்பைக்குக் கொடுத்தேன். காந்தம் இரண்டும் இப்போது பிரிட்ஜில் ரேஷன் கார்டு நகலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் பதிலாசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விலையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் எல்லாம் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்குப் போய், எஸ்எஸ்டியும் ராமும் விலை ஏறிக்கொண்டிருக்கின்றன. என்னிடம் இருக்கிற க்ரூஷியலைச் செய்கிற மைக்ரான் கம்பெனியே அந்தப் பெயரில் சில்லறை வியாபாரத்தை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. 2011-ல் வெள்ளம், இப்போது இது. பெரிய எஸ்எஸ்டி வாங்கக் காசு இல்லாதவர்கள் 240 ஜிபி நல்ல கம்பெனியாக வாங்கி, இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைப் பக்கத்திலேயே விட்டு வைக்கலாம் என்று அடுத்த வாரம் ஒரு வரி போட்டால் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, என் ஐ3-யை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிடும், இந்த மாதிரிக் கம்ப்யூட்டர்களை என்ன செய்வது என்பதற்கும் அவர் பதில் எழுதட்டும். நான் இப்போதைக்கு அச்சு வேலைக் கம்ப்யூட்டரின் நெட் கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். மின்னஞ்சல் எல்லாம் செல்போனில்.

கடிதம் நீண்டுவிட்டது, வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் பிழைத்துக் கொடுத்த அந்தப் பழைய எழுத்துருவில்தான் இதை அடித்தேன், கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. பிறகு யூனிகோடுக்கு மாற்றி அனுப்புகிறேன். மாற்றும்போது சில சமயம் "ஸ்ரீ" உடைந்து வேறு எழுத்தாக வரும், எங்காவது அப்படி இருந்தால் திருத்திப் போடவும்.

இப்படிக்கு,
டிடிபி செய்யும் வாசகி ஒருத்தி,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.